48 நிமிடம் எழுந்திருக்காமல் கேட்க வேண்டிய ஆல்பம்

2010 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “இதுல கிட்டார் எங்க பாப்பா?” என்று கேட்டான். அமெரிக்க ராக் குழுவான லிங்கின் பார்க்கின் நான்காவது ஆல்பமான ‘எ தௌசண்ட் சன்ஸ்’ வந்து அப்போது சில நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாவது டிராக்கைத் தாண்டி அவன் போகவில்லை. எனக்கு லிங்கின் பார்க்கை அறிமுகப்படுத்தியவனே அவன்தான் என்பதால் அந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் வலித்தது.

ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. 2000 அக்டோபரில் வந்த ‘ஹைப்ரிட் தியரி’, 2003 மார்ச்சில் வந்த ‘மெட்டியோரா’ இரண்டையும் கேட்டவர்களுக்கு இது புரியும். பாட்டு மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. மைக் ஷினோடா ராப் பண்ணுவார். செஸ்டர் பென்னிங்டன் மெல்லிய குரலில் ஆரம்பித்து, கோரஸ் வந்ததும் தொண்டை கிழியக் கத்துவார். அந்தக் கத்தலோடு பிராட் டெல்சனின் கிட்டார் இடி மாதிரி இறங்கும். அண்ணன் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. கோரஸுக்கு முன்னால் வரும் அந்த ஒரு நொடி மௌனத்தில் அவன் என்னைப் பார்த்துக் கையை உயர்த்துவான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். கை இறங்கும்போது செஸ்டர் கத்துவார். சத்தத்துக்கு முன்னால் கொஞ்சம் மௌனம் வைத்தால் சத்தம் இரண்டு மடங்காகும் என்பதை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். பின்னால் ஒலித் தொகுப்பை வேலையாக எடுத்துக்கொண்டதற்கு அந்தக் கைக்கும் ஒரு பங்கு உண்டு.

‘எ தௌசண்ட் சன்ஸ்’ ஆல்பத்தில் அந்தக் கை இறங்கவே இல்லை. உயர்ந்தபடியே நிற்கிறது. அண்ணனுக்கு வந்த கோபம் அதுதான். உலகம் முழுக்க லட்சக்கணக்கான ரசிகர்களுக்கு வந்த கோபமும் ஏறக்குறைய அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆல்பம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் டிராக் ‘தி ரெக்வியம்’. எங்கேயோ தூரத்தில் ஒலிகள் புகை போல எழும்புகின்றன, ஒரு பியானோ வருகிறது. இயந்திரத்தில் போட்டுப் பிசைந்த ஒரு குரல், பெண் குரலா குழந்தைக் குரலா என்று பிடிபடாத ஒன்று, எங்கள் எல்லோரையும் காப்பாற்று என்று கடவுளிடம் கேட்கிறது. இது இரண்டு நிமிடம். அடுத்த டிராக்கான ‘தி ரேடியன்ஸ்’ பாட்டே கிடையாது, ஒருவர் பேசுகிறார், அவ்வளவுதான். மூன்றாவது நிமிடம் நெருங்கும்போதுதான் ‘பர்னிங் இன் தி ஸ்கைஸ்’ என்ற முதல் முழுப் பாட்டு வருகிறது, அதுவும் பியானோவை நம்பி நடக்கிற மென்மையான பாட்டு. கடைசிப் பகுதியில் கிட்டார் ஒற்றை இழையாகத் தலைகாட்டிவிட்டுப் போகிறது. அண்ணன் அந்த இடம் வரைகூட இருக்கவில்லை.

எனக்கும் அன்றைக்கே பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். என்னிடம் அப்போது இருந்த சின்ன எம்பி3 பிளேயர் ஒவ்வொரு டிராக் முடிந்ததும் அரை நொடி நின்றுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்கும். போதாததற்கு ஷஃபிளில் போட்டுக் கேட்கிற பழக்கம் வேறு. பூச்சிகள் ரீங்காரமிட, தூரத்தில் குண்டு வெடிக்கிற 18 நொடி டிராக் ஒன்று திடீரென்று வரும், அது முடிந்ததும் வேறு குழுவின் காதல் பாட்டு ஓடும். எதுவும் எதனோடும் ஒட்டவில்லை. 15 டிராக்கில் ஆறு இந்த மாதிரி இணைப்புத் துண்டுகள்தான் என்பதும், அந்த ஆறையும் கூட்டினால் எட்டு நிமிடம்கூடத் தேறாது என்பதும் பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தனியாகக் கேட்டால் அந்தத் துண்டுகளுக்கு அர்த்தமே கிடையாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி, படிக்கிற இடத்து ஸ்டுடியோவில் தனியாக இருந்தேன். ஒரு பெரிய வேலையின் கோப்புகள் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலாகிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது. இரண்டு பெரிய மானிட்டர் ஸ்பீக்கர், குறுக்கே பேச ஆளில்லை. இடைவெளி விடாமல் ஓடும் மென்பொருளில் ஆல்பத்தைப் போட்டுவிட்டு விளக்கை அணைத்தேன். நகல் முடிவதற்கு முன்பே ஆல்பம் முடிந்துவிட்டது. எழுந்துபோய் விளக்கைப் போடத் தோன்றவில்லை. முதலிலிருந்து மறுபடியும் போட்டேன்.

இந்த ஆல்பத்துக்கு நான் தருகிற பரிந்துரை முழுக்க அதற்குள் இருக்கிறது. ஒன்பது முழுப் பாட்டுகளின் தொகுப்பு என்று நினைத்து இதை அணுகினால் பாதி பாட்டுகள் சுமார்தான். 48 நிமிடம் ஓடும் ஒரே படைப்பாகக் கேட்டால், ஒரு ஹெவி ராக் குழு செய்த துணிச்சலான வேலைகளில் இது ஒன்று. குழுவும் இதை அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஐடியூன்ஸில் எல்லா டிராக்கையும் ஒட்டி 47 நிமிடம் 56 நொடி ஓடும் ஒரே கோப்பாகவும் விற்றார்கள். அதைத் தேடி வாங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பெரும்பாலானவர்கள் கேட்டது ஆகஸ்ட் 2 அன்று தனிப்பாட்டாக வந்த ‘தி கேட்டலிஸ்ட்’டைத்தான். முன்னால் வருகிற 39 நிமிடமும் இல்லாமல், அந்தரத்தில் தொங்கவிட்ட மாதிரி கேட்டார்கள்.

தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கு அது கொஞ்சம் பக்கத்து விஷயம். வானத்தில் ஆயிரம் சூரியன்கள் ஒரே நேரத்தில் எழுந்தால் வரக்கூடிய ஒளி என்பது கீதையின் 11ஆம் அத்தியாயத்தில், விசுவரூப தரிசனத்தில் வருகிற வரி. அணுகுண்டு உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமர், பெர்க்லியில் ஆர்தர் ரைடர் என்ற பேராசிரியரிடம் சமஸ்கிருதம் படித்து கீதையை மூலத்திலேயே வாசித்தவர். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையைப் பற்றி 1965இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் அவர் பேசினார். ‘தி ரேடியன்ஸ்’ டிராக்கில் கேட்பது அந்தப் பேச்சுதான். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள், பெரும்பாலானவர்கள் பேசாமல் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டு, அதே அத்தியாயத்தின் வேறொரு வரிக்குப் போகிறார். உலகங்களை அழிக்கும் மரணமாக நான் ஆகிவிட்டேன் என்கிறார். மூலத்தில் இருப்பது ‘காலோஸ்மி’, காலமாக இருக்கிறேன் என்று பொருள். காலம் எப்படி மரணம் ஆனது என்று ஆங்கிலத்தில் இதைப் பற்றி நிறைய விவாதித்திருக்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது அவ்வளவு பெரிய தாவலாகத் தெரியாது. காலத்துக்கும் காலனுக்கும் நடுவில் நம்மிடம் இருப்பது ஓரெழுத்து வித்தியாசம்தான்.

அந்தக் குரலைத் தொகுத்திருக்கிற விதம் என் வேலையில் இருக்கிற யாருக்கும் பிடிக்கும். பழைய பதிவின் இரைச்சலை அவர்கள் சுத்தம் செய்யவில்லை. அதற்கு அடியில் அதே மாதிரியான இரைச்சலில் செய்த பீட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் அந்த மனிதர் பேசுகிறாரா, பின்னணி ஒலி பேசுகிறதா என்று பிரிக்க முடியாமல் போகிறது.

இதற்கு முந்தைய ஆல்பமான ‘மினிட்ஸ் டு மிட்நைட்’ 2007இல் வந்தது. அணு ஆபத்தைக் காட்டுவதற்காக அறிவியலாளர்கள் வைத்திருக்கிற டூம்ஸ்டே கடிகாரம்தான் அந்தத் தலைப்பு. ஆக, அந்த பயம் இவர்களுக்குள் ஏற்கெனவே இருந்தது. இந்த முறை அது தலைப்போடு நிற்கவில்லை. ஏழாவது டிராக்கின் பெயர் ‘ஹோர்னாடா டெல் முவெர்ட்டோ’. செத்தவனின் பயணம் என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர். முதல் குண்டை வெடித்த அந்தப் பாலைவனப் பகுதியின் பெயரும் அதுதான். ஒன்றரை நிமிட டிராக்கில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் ஜப்பானிய மொழியில். என்னைத் தூக்கிவிடு, என்னைப் போகவிடு என்பது அதன் சாரம். மைக் ஷினோடாவின் அப்பா ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்தக் குடும்பம் அமெரிக்க அரசின் முகாமில் அடைக்கப்பட்டிருந்தது. தன்னுடைய இன்னொரு குழுவான ஃபோர்ட் மைனருக்காக 2005இல் அதைப் பற்றி அவர் ஒரு பாட்டே எழுதியிருக்கிறார். இதெல்லாம் தெரிந்த பிறகு, நியூ மெக்சிகோ மணலின் பெயர் வைத்த டிராக்கில் ஜப்பானிய மொழி ஒலிப்பதைச் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போக முடியவில்லை. அதே வாக்கியம் ஆங்கிலத்தில் ‘தி கேட்டலிஸ்ட்’டின் கடைசியில் திரும்ப வருகிறது. ஷஃபிளில் கேட்டவளுக்கு அது எங்கே தெரியப்போகிறது!

இப்படி முன்னால் விதைத்து வைத்துவிட்டுப் பின்னால் அறுக்கிற வேலை ஆல்பம் முழுக்க இருக்கிறது. ‘தி ரெக்வியம்’ பாடுகிற வரிகள் ‘தி கேட்டலிஸ்ட்’டின் வரிகள். ‘பர்னிங் இன் தி ஸ்கைஸ்’ கோரஸை இயந்திரக் குரலில் முனகுகிற டிராக் ‘ஃபால்அவுட்’, அது அப்படியே ‘தி கேட்டலிஸ்ட்’டுக்குள் போய் இறங்குகிறது. 39ஆவது நிமிடத்தில் அந்தப் பாட்டு தொடங்கும்போது அதன் ஒவ்வொரு வரியையும் ஏற்கெனவே எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று இருக்கும். மறந்துபோன கனவை யாரோ திரும்பச் சொல்வது மாதிரி. ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு. ராப் போர்டனின் டிரம்ஸ் விரட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் எல்லாம் நின்று, பியானோவோடு செஸ்டர் மட்டும் மிஞ்சுகிறார். அங்கிருந்து மறுபடியும் மேலே ஏறுகிறது. வழக்கமான கோரஸ் இதில் கிடையாது. ஏறிக்கொண்டே மட்டும் போகிற பாட்டு.

‘வென் தே கம் ஃபார் மீ’தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊர் திரண்டு வருகிற மாதிரி டிரம்ஸ் அடிக்க, மைக் ராப் பண்ணுகிறார், கிட்டாருக்கு வேலையே இல்லை. ஒரு விஷயம் எப்படி இயங்குகிறது என்ற தியரி பிடிபட்டுவிட்டால், அடுத்ததும் முதலாவது மாதிரியே இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள் என்று அதில் ஒரு வரி வருகிறது. முதல் ஆல்பத்தின் பெயரை வைத்தே செய்த சிலேடை. அண்ணன் மாதிரி ரசிகர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்று பதிவு செய்யும்போதே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் செய்தார்கள் என்பதற்காக அந்த வரியை எனக்குப் பிடிக்கும். நடுவில் செஸ்டர் வார்த்தையே இல்லாமல் இழுத்துப் பாடுகிற இடம் ஒன்று உண்டு. கத்தாமலே அவர் தொண்டையில் எவ்வளவு வலி இருக்கிறது என்று அங்கே கேட்கலாம்.

‘பிளாக்அவுட்’ டிராக்கில் கத்தல் இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. ஆனால் கத்தலுக்குக் கீழே எதிர்பார்க்கிற கிட்டார் இருக்காது, துள்ளலான ஒரு கீபோர்டு இருக்கும். போகப் போக செஸ்டரின் கத்தலையே நறுக்கி, குதறி, ஒரு வாத்தியமாக ஆக்கிவிடுகிறார்கள். முதல் தடவை எரிச்சலாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இப்போது இந்த ஆல்பத்தின் ஒலிப் பொறியியலை யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் முதலில் இதைத்தான் போடுவேன். குழுவின் டிஜே ஜோ ஹானும் மைக்கும் கணினியில் செய்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று இதில் தெரியும். ஆனால் செல்போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள். அடியில் ஓடுகிற பாஸ் முழுக்கக் காணாமல் போய், கத்தலும் கிணுகிணுப்பும் மட்டும் மிஞ்சும்.

‘வெயிட்டிங் ஃபார் தி எண்ட்’ ஆல்பத்தில் சுலபமாகப் பிடித்துவிடுகிற பாட்டு. மைக் ஏறக்குறைய ரெகே பாணியில் தொடங்க, செஸ்டர் உள்ளே நுழைகிற இடம் அழகு. சந்தேகத்தோடு வருபவர்களுக்கு இதை வாசலாகக் காட்டலாம்.

‘ரெட்ச்சஸ் அண்ட் கிங்ஸ்’ கிட்டார் உறுமுகிற ஒரே பாட்டு என்றே சொல்லலாம். 1964 டிசம்பர் 2 அன்று பெர்க்லியில் மாணவர் தலைவர் மாரியோ சாவியோ பேசிய பேச்சு அதில் வருகிறது. இந்த இயந்திரம் இயங்குவது தாங்க முடியாமல் போகும்போது, உங்கள் உடம்பையே அதன் சக்கரங்களில் போட்டு நிறுத்துங்கள் என்று சொன்ன பேச்சு. ஓப்பன்ஹைமர் பாடம் நடத்தியதும் அதே பெர்க்லியில்தான். குண்டு செய்தவரின் குரலும், இயந்திரத்தை நிறுத்தச் சொன்னவரின் குரலும் ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து வந்து ஒரே ஆல்பத்தில் சந்திக்கின்றன. குழு இதைத் தெரிந்து செய்ததா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. மைக்கின் ராப்பில் பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் சக் டிக்கு வைத்த வணக்கம் வெளிப்படையாகவே தெரியும். மைக்கோடு சேர்ந்து இந்த ஆல்பத்தைத் தயாரித்த ரிக் ரூபின்தான், அந்தக் காலத்தில் டெஃப் ஜாம் இசை நிறுவனத்துக்கு பப்ளிக் எனிமியைக் கொண்டுவந்தவர்.

அதைத் தொடர்ந்து மார்ட்டின் லூதர் கிங் பேசுகிறார். 1967 ஏப்ரல் 4, நியூயார்க் ரிவர்சைடு தேவாலயம், வியட்நாம் போருக்கு எதிரான பேச்சு. சரியாக ஒரு வருடம் கழித்து, அதே ஏப்ரல் 4 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ‘விஸ்டம், ஜஸ்டிஸ், அண்ட் லவ்’ என்ற அந்த டிராக் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். பியானோவுக்கு மேல் கிங்கின் சொந்தக் குரலில் தொடங்குகிறது. விதவைகளையும் அனாதைகளையும் உண்டாக்குகிற வேலை ஞானத்தோடும் நீதியோடும் அன்போடும் ஒத்துப்போகாது என்கிறார். சொல்லச் சொல்லக் குரல் உலோகமாகிக்கொண்டே போகிறது. கடைசியில் ஞானம், நீதி, அன்பு என்ற மூன்று சொற்களையும் ஓர் இயந்திரம் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் தினமும் குரல்களைச் சுத்தம் செய்கிறவள். மூச்சு இழுக்கும் சத்தம், உதடு ஒட்டிப் பிரியும் சத்தம் என்று மனிதத் தடயங்களை ஒவ்வொன்றாக நீக்குவது என் பிழைப்பு. அந்த டிராக் என்னை ஏன் அப்படி உலுக்குகிறது என்று இதைவிட விளக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ‘ரோபோ பாய்’ இழுவை. அடுக்கடுக்கான குரல்கள் இருக்கின்றன, போகிற திசை இல்லை. ‘இரிடசென்ட்’ நல்ல மெட்டு, ஆனால் மெல்லத் தொடங்கி எல்லோரும் சேர்ந்து பாடி முடிப்பது, பெரிய மைதானத்தில் செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடிப்பதற்காகவே செய்தது போல இருக்கும். மற்றதெல்லாம் எடுக்கிற துணிச்சலை அது எடுக்கவில்லை. அடுத்த வருடம் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படமொன்றில் அது போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் ‘மெட்டியோரா’ முதல் வாரத்தில் 8,10,000 பிரதிகள் விற்றது. ‘மினிட்ஸ் டு மிட்நைட்’ 6,23,000. ‘எ தௌசண்ட் சன்ஸ்’ பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்குத்தான் வந்தது, ஆனால் 2,41,000 பிரதிகளோடு. முழுப் பழியையும் பரிசோதனைமேல் போட முடியாது. அந்த ஏழெட்டு வருடத்தில் ஆல்பம் வாங்குகிற பழக்கமே எல்லா இடத்திலும் குறைந்துபோயிருந்தது. இருந்தாலும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தது உண்மை. விமர்சகர்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. ரேடியோஹெட் என்ற ராக் குழுவின் ‘கிட் ஏ’ ஆல்பத்தோடு ஒப்பிட்டுக் கொண்டாடியவர்கள் இருந்தார்கள், முடிவில்லாமல் அலைகிறது என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். ‘கிட் ஏ’ வந்ததும் ‘ஹைப்ரிட் தியரி’ வந்ததும் ஒரே மாதம், 2000 அக்டோபர். பத்து வருடம் கழித்து இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேச வேண்டி வரும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த ரசிகர்களின் கோபத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. அண்ணன் மாதிரி ஆட்களுக்கு செஸ்டரின் கத்தல் வெறும் சத்தமாக இருந்ததில்லை. வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவர்களுக்காக ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் குரலை எடுத்து நறுக்கி இயந்திரத்துக்குள் போட்டபோது, தங்களிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதாகத் தோன்றியிருக்கும். ஆனால் 34 வயது ஆளை 24 வயதின் வலியிலேயே நிற்கச் சொல்வதும் நியாயமில்லையே. 2014இல் ‘தி ஹன்டிங் பார்ட்டி’யில் கிட்டார் திரும்பியது, அண்ணன் சந்தோஷப்பட்டான். 2017 மே மாதம் ‘ஒன் மோர் லைட்’ முழுக்கப் பாப் பக்கம் சாய்ந்தபோது வந்த வசைக்கு முன்னால் 2010இல் வந்தது ஒன்றுமே இல்லை. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 20 அன்று, செஸ்டர் 41 வயதில் தற்கொலை செய்துகொண்டார்.

அதற்கப்புறம் நானும் அண்ணனும் வெகுநாள் லிங்கின் பார்க் பக்கமே போகவில்லை. போன வருடம் ஓர் இரவுப் பயணம், அவன் காரை ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “ஒரு தடவை முழுசா கேளுண்ணா, நடுவுல எதுவும் சொல்லாத” என்று சொல்லிவிட்டு இந்த ஆல்பத்தைப் போட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ‘ரெட்ச்சஸ் அண்ட் கிங்ஸ்’ கிட்டாருக்கு விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன. கிங் பேசும்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டினான். ‘தி கேட்டலிஸ்ட்’ முடிந்தது.

அந்த இடத்தில் நான் எப்போதும் நிறுத்திவிடுவேன். அடுத்து வருகிற கடைசிப் பாட்டு ‘தி மெசஞ்சர்’ மூன்று நிமிடம். அகூஸ்டிக் கிட்டார், கொஞ்சம் பியானோ, செஸ்டரின் கரகரத்த குரல், வேறெதுவும் இல்லை. எரிந்து முடிந்த பிறகு ஆறுதல் சொல்ல வருகிற மாதிரி இருக்கும் அந்தப் பாட்டு எனக்கு ஒட்டவே ஒட்டாது. அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டுபோன ஆல்பம் உச்சியிலேயே நம்மை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி. நிறுத்தக் கையை நீட்டினேன்.

“இரு, அது ஓடட்டும்” என்றான்.

மூன்று நிமிடமும் ஓடியது. செஸ்டரின் குரல் உடைகிற இடத்தில் அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

“மத்த எல்லாத்தையும்விட இதான் பாப்பா நல்லா இருக்கு.”

“இதுதாண்ணா இருக்கறதுலயே பலவீனமான பாட்டு.”

“உனக்கு மிஷின் பழகிப்போச்சு. இதுலதான் ஆள் இருக்கான்” என்றான். அப்புறம் ஊர் போய்ச் சேரும் வரைக்கும் அதைப் பற்றித்தான் சண்டை.